கறுப்பு நாயை ஏன் யாரும் கேட்பதில்லை?

காப்பகத்தில் வருடக்கணக்காகத் தங்கிவிட்ட நாய்களுக்கு வீடு தேடுவது பற்றி வந்த கேள்விகள் இவை. கால்நடை மருத்துவரும் தத்துப் பணியில் இருப்பவர்களும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கேள்வி: எங்கள் காப்பகத்தில் 4 வயதுக் கறுப்பு நாட்டு நாய் ஒன்று இருக்கிறது. ரொம்பச் சாது. அதோடு வந்த பழுப்புக் குட்டிகள் எல்லாம் எப்போதோ போய்விட்டன. இதன் கூண்டு முன்னால் யாரும் நிற்பதுகூட இல்லை. நாங்கள் என்ன தவறு செய்கிறோம்?
*தன்னார்வலர், கோவை*

முதலில் அதன் படத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கம்பிக்குப் பின்னால், பளிச்சென்ற வெயிலில், கண் எது மூக்கு எது என்று தெரியாத கறுப்புத் திட்டாக இருக்கும். பின்னணி வெளிச்சமாக இருந்தால் போன் கேமரா அதற்கேற்ப ஒளியைக் குறைத்துவிடும், நாய் இருண்டுவிடும். காலை 8 மணிக்கு முன்போ மாலை வெயில் தணிந்த பிறகோ நிழலில் எடுங்கள். நீங்கள் தரையில் உட்கார்ந்து, நாயின் கண் மட்டத்துக்குப் போனைப் பிடியுங்கள். திரையில் நாயின் கண்ணைத் தொட்டால் பக்கத்தில் சின்ன சூரியக் குறி வரும், அதை மேலே இழுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், கண் பேய்போல மின்னும். கழுத்தில் மஞ்சள் அல்லது சிவப்புத் துணி கட்டுங்கள். பிஸ்கட் பாக்கெட்டைச் சரசரக்க வைத்தால் காது நிமிரும், அந்த நொடியில் எடுங்கள். ஒரு படத்திலாவது பக்கத்தில் மனிதர் இருக்கட்டும். "எவ்வளவு பெருசு?" என்பதுதான் போனில் வரும் முதல் கேள்வி.

அடுத்தது வாசகம். "பாவம், நாலு வருஷமா காத்திருக்கிறான், யாருமே இல்லையா?" என்று எழுதினால் அழுகிற முகங்கள் நூறு விழும், வீடு கிடைக்காது. தகவல் எழுதுங்கள். உதாரணமாக: "4 வயது, 16 கிலோ, கருத்தடை ஆனது, வெறிநாய்த் தடுப்பூசி இந்த வருடம் போட்டது. லீஷில் இழுக்காமல் நடக்கும். தனியாக 4 மணி நேரம் இருக்கும். பூனையைக் கண்டால் துரத்தும். ஹெல்மெட் போட்டவரைப் பார்த்துக் குரைக்கும், கழற்றினால் வாலாட்டும்." பிடிக்காத ஒன்றை எழுதாமல் விடாதீர்கள். அதைப் படித்த பிறகும் அழைப்பவர்தான் நமக்கு வேண்டியவர்.

மூன்றாவதாக, வருகிறவர்களைக் கூண்டு வரிசையில் நடக்கவிடாதீர்கள். அங்கே எகிறிக் குதிக்கும் நாயும் தோற்கும், மூலையில் சுருண்டிருக்கும் நாயும் தோற்கும். வந்தவரை உட்கார வைத்து, வீட்டில் யார் யார், பகலில் யார் இருப்பார்கள், மாடியா தரைத்தளமா என்று கேட்டுவிட்டு, பொருந்தும் ஒன்றிரண்டு நாய்களை மட்டும் வெளியே கூட்டி வாருங்கள். பக்கத்தில் படுத்துக்கொள்ளும் நாய்களும், விளையாட அழைத்தால் வரும் நாய்களும் அதிகம் தத்துப் போகின்றன என்று அமெரிக்கக் காப்பகங்களில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. கூண்டுக்குள் இருக்கும்போது நாய் எப்படிப்பட்டது என்று எவருக்கும் தெரியாது.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பைரவர் வாகனம், சனி தோஷம் போகும் என்று கறுப்பு நாயைத் தேடி வந்து ரொட்டி போடுகிறவர்களே, வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னால் பின்வாங்குவார்கள். பரிகாரத்துக்காக மட்டும் நாய் கேட்பவருக்குக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. பரிகாரம் முடிந்ததும் நாய் தெருவுக்கு வந்துவிடும்.

கேள்வி: பின்னங்கால் ஒன்று எடுக்கப்பட்ட நாய், கண் தெரியாத நாய் என்று இரண்டு இருக்கின்றன. இவற்றை வீடுகளுக்குக் கொடுப்பது சரியா?
*வாசகி, திருச்சி*

தாராளமாகக் கொடுக்கலாம். முதலில் மருத்துவரிடம் காட்டி, வலி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கண் அழுத்தத்தால் பார்வை போன நாய்க்கு வலி தொடர்ந்து இருக்கும். அதைக் கவனிக்காமல் அனுப்பினால், "தொட்டாலே உறுமுது" என்று திரும்பி வரும்.

மூன்று கால் நாய்க்கு முதல் எதிரி உடல் எடை. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். இரண்டாவது எதிரி வழவழப்பான டைல்ஸ் தரை. படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணத்துக்கும் வாசலுக்கும் ரப்பர் மிதியடி போட்டுத்தர முடியுமா என்று எடுப்பவரைக் கேளுங்கள். நகத்தை வளரவிட்டாலும் வழுக்கும். நீண்ட நடைக்குப் பதிலாகக் காலையும் மாலையும் 10 முதல் 15 நிமிடம் போதும். நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன, அதனால் பின்னங்கால் இழந்தது எளிதாகச் சமாளிக்கும்.

கண் தெரியாத நாய் வீட்டை மனப்பாடம் செய்துகொள்ளும். நாற்காலியை இடம் மாற்றாமல் இருந்தால் சரி. தொடும் முன் குரல் கொடுக்க வேண்டும். படிக்கட்டுக்கு முன்னால் சொரசொரப்பான மிதியடி, மாடிப்படியில் தடுப்புக் கதவு. கைப்பிடிச்சுவர் இல்லாத மொட்டைமாடியோ மூடாத கிணறோ உள்ள வீடு வேண்டாம்.

"ஐயோ, நானே எடுத்துக்கிறேன்" என்று கண்கலங்கி அந்த இடத்திலேயே முடிவெடுப்பவரை, இரண்டு நாள் கழித்து வீட்டார் அனைவரோடும் வரச் சொல்லுங்கள். பரிதாபத்தில் போகும் நாய்தான் சீக்கிரம் திரும்புகிறது. இரண்டு நாள் கழித்தும் வருபவர் அநேகமாகக் கடைசிவரை வைத்திருப்பார்.

கேள்வி: காப்பகத்திலிருந்து ஒரு வயதான பெண் நாயை 6 மாதமாக என் வீட்டில் தற்காலிகமாக வைத்திருக்கிறேன். இப்போது நல்ல குடும்பம் ஒன்று கேட்கிறது. ஒப்படைக்க மனம் வரவில்லை. அது என்னைத் தேடாதா?
*வாசகி, தாம்பரம்*

தேடும். ஓரிரு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருக்கலாம், வாசலையே பார்த்திருக்கலாம். ஆனால் நாய்கள் தினமும் சோறு வைத்து நடக்கக் கூட்டிப்போகிறவரோடு சில வாரங்களில் ஒட்டிக்கொள்ளும். உங்களோடு ஒட்டிக்கொண்டதும் அப்படித்தானே? பழகிய நாய்க்கு இன்னொருவரோடு பழகுவது முன்பைவிடச் சுலபம், அதற்குக் காரணம் நீங்கள்.

நீங்களே வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால், அதன் ஆயுள் முழுக்க மருந்துச் செலவும் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ள ஆளும் உங்களிடம் உண்டா என்று பாருங்கள். அடுத்த நாய்க்கு உங்கள் வீட்டில் இடம் இருக்குமா என்பது இன்னொன்று. வைத்துக்கொள்வதில் வெட்கம் ஏதும் இல்லை. "என்னைவிட்டால் அதுக்கு யார்" என்ற எண்ணத்தில் மட்டும் முடிவெடுக்க வேண்டாம்.

கொடுப்பதாக இருந்தால், அந்தக் குடும்பம் இரண்டு மூன்று முறை உங்கள் வீட்டுக்கு வந்து, லீஷை அவர்களே பிடித்து நடக்கட்டும். ஒப்படைப்பைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், புது இடத்தைப் பகலில் பார்த்துப் பழகும். அது படுத்த போர்வையைத் துவைக்காமல் அனுப்புங்கள், சாப்பிட்ட தட்டையும் கூடவே. ஒரு வாரம் பழைய சாப்பாடே போகட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றட்டும், இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வரும். வயதான நாய் என்பதால் ரத்தப் பரிசோதனை, சிறுநீரகம், பல் எல்லாவற்றையும் பார்த்து முடிவைக் கையில் கொடுங்கள். முதல் மாதம் நேரில் போகாதீர்கள், வீடியோ கேளுங்கள். உங்கள் குரல் போனில் கேட்டாலே அது குழம்பலாம்.

அன்று மாலையே அடுத்த நாயைக் கொண்டுவந்துவிடாதீர்கள். ஓரிரு வாரம் வீடு காலியாக இருக்கட்டும். அழுகை வருவது இயல்பு. தூக்கம் கெடுவது, போன் அடித்தாலே எரிச்சல் வருவது, எல்லா மனிதர்கள் மேலும் கோபம் வருவது எல்லாம் வாரக்கணக்கில் நீடித்தால் அது வேறு. தத்து அழைப்புகளை எடுக்கும் வேலையைச் சில வாரம் இன்னொருவரிடம் கொடுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

கேள்வி: தத்துக் கொடுத்த நாயைப் பத்தே நாளில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். "கடிக்குது" என்கிறார்கள். கோபத்தில் அவர்கள் படத்தைப் பேஸ்புக்கில் போடலாமா என்று தோன்றுகிறது.
*வாசகர், மதுரை*

போடாதீர்கள். அதைப் பார்க்கும் அடுத்த குடும்பம் திருப்பித் தர வெட்கப்பட்டு, நாயைப் பைபாஸில் இறக்கிவிட்டுப் போய்விடும். திருப்பித் தந்ததற்கு நன்றி சொல்லி, நடந்ததை அப்படியே எழுதி வாங்குங்கள். சாப்பிடும்போதா, தூங்கும்போது குழந்தை தொட்டதா, தோல் கிழிந்ததா, பல் பட்டது மட்டுமா? "கடிக்கும்" என்பதைவிட "தட்டில் கை வைத்தால் உறுமும்" என்பது அடுத்த வீட்டுக்கு உதவும். தோல் கிழிந்திருந்தால், நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.

பத்து நாள் என்பது நாய்க்கு இன்னும் பயம் தெளியாத காலம். முதல் 3 நாள் திகைப்பு, 3 வாரத்தில் பழக்கம், 3 மாதத்தில் தன் வீடு என்ற நிலை என்று தத்துப் பணியில் சொல்வார்கள். கணக்கு முன்பின் ஆகும். முதல் மூன்று நாள் ஒரே அறை, விருந்தாளி இல்லை, குளியல் இல்லை, கட்டிப்பிடித்து செல்ஃபி இல்லை. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையும் சாப்பிட்டதும் வெளியே கூட்டிப்போக வேண்டும். இதை வாயால் சொன்னால் மறந்துபோவார்கள், தாளில் எழுதிக் கொடுங்கள். 2ஆம் நாள், 7ஆம் நாள், 21ஆம் நாள் நீங்களே அழையுங்கள். அந்த 7ஆம் நாள் அழைப்பில்தான் "செருப்பைக் கடிச்சிடுச்சு" என்பது வெளியே வரும், பேசித் தீர்த்துவிடலாம்.

கேள்வி: அபார்ட்மெண்ட் சங்கம் நாட்டு நாய் கூடாது, லேப்ரடார் என்றால் பரவாயில்லை என்கிறது.
*வாசகர், சென்னை*

சங்கத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. இன்னின்ன நாய் வளர்க்கக்கூடாது என்று குடியிருப்புச் சங்கங்கள் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. நகல் ஒன்று கொடுங்கள். உங்கள் பக்கத்தில், தடுப்பூசிச் சான்றும் மாநகராட்சி உரிமமும் கையில் இருக்கட்டும். லிஃப்டில் லீஷ் போடுங்கள், கழிவை அள்ளுங்கள்.

கேள்வி: எவ்வளவு முயன்றும் போகவே போகாத நாய்களை நினைத்தால் மனம் ஆறவில்லை.
*தன்னார்வலர், வேலூர்*

சில நாய்கள் காப்பகத்திலேயே இருந்துவிடும். அவற்றின் நாளைச் சரிசெய்வதும் தத்துப் பணிதான். ஈரத் தரையில் படாத உயரமான கட்டில், தினம் 20 நிமிடம் வெளியே நடை, மாறாத இரண்டு மனிதர்கள். வாரம் ஒரு நாள் யாராவது வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பத்திரமாகக் கொண்டுவந்து விடட்டும். அந்த ஒரு நாளில் எடுத்த சோஃபாப் படம், கூண்டுப் படம் பத்தைவிட வேலை செய்யும்.

கேள்வி: தீபாவளிக்கு முந்தின வாரம் தத்து முகாம் வைக்கலாமா?
*வாசகி, ஈரோடு*

வேண்டாம், தீபாவளி முடிந்து ஒரு வாரம் போகட்டும். வெடிச்சத்தத்தில் ஓடும் நாய்க்குப் புது வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாது. எந்த மாதம் கொடுத்தாலும் முதல் மூன்று வாரம் காலரில் ஒரு லீஷ், ஹார்னெஸில் (மார்பைச் சுற்றிப் போடும் பட்டையில்) இன்னொன்று என இரண்டாகப் போடச் சொல்லுங்கள். காலரில் போன் எண் எழுதிய பட்டை இருக்கட்டும். தப்பித்துவிட்டால் துரத்தக்கூடாது. உட்கார்ந்து பக்கவாட்டில் திரும்பி, சாப்பாட்டை வைத்துக் காத்திருக்க வேண்டும், அதற்குப் பழகிய ஆளைக் கூப்பிட வேண்டும்.