ஆங்கிலத்தில் பிரதிப்பெயர்ச்சொற்களின் (ப்ரொனௌன்) வகைகளை எப்படிப் பிரித்தறிவது?

வகைகளின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, அந்தச் சொல் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதே சிறந்த வழி. 'தட் இஸ் மை ஹவுஸ்' என்பதில் சுட்டாக வரும் 'தட்', 'த புக் தட் ஐ பாட்' என்பதில், ஒரு பெயரை அதை விளக்கும் தொடரோடு இணைக்கும் ரிலேட்டிவ் ப்ரொனௌனாக மாறிவிடுகிறது.

ஐ, யூ, ஹீ, ஷீ, இட், வீ, தே ஆகியவை மூவிடப் பெயர்கள். இவற்றுள் யூ, இட் தவிர மற்றவை செயப்படுபொருளாகும்போதும் ப்ரெப்போசிஷனுக்கு (பிட்வீன், டு போன்ற முன்னிடைச்சொல்) பின் வரும்போதும் மீ, ஹிம், தெம் என உருமாறும் என்பதால், 'பிட்வீன் யூ அண்ட் மீ' என்பதே சரி. மைன், யுவர்ஸ் உடைமையைக் குறிப்பவை. ஹூ, வாட் வினாவுக்குரியவை. குறிப்பிட்ட ஒருவரைச் சுட்டாத எவ்ரிஒன், சம்படி போன்றவை ஒருமை வினையையே ஏற்கும்.

செல்ஃப் என முடிபவற்றில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 'ஷீ கட் ஹெர்செல்ஃப்' என்பதில் கடைசிச் சொல்லை நீக்கினால் வாக்கியம் குறைபட்டு நிற்கும். ஆகவே அது ரிஃப்ளெக்சிவ், அதாவது செய்பவரையே திரும்பக் குறிப்பது. 'ஷீ ஹெர்செல்ஃப் குக்ட் த மீல்' என்பதில் நீக்கினாலும் வாக்கியம் நிற்கும். அங்கே அது அழுத்தத்துக்காக மட்டுமே வருகிறது.

தமிழர்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டியது ரிலேட்டிவ் ப்ரொனௌனில் என்பேன். 'நேற்று வந்த பையன்' என்று நாம் பெயரெச்சத்தால் முன்னே சொல்வதை, ஆங்கிலம் 'த பாய் ஹூ கேம் எஸ்டர்டே' என்று பெயருக்குப் பின்னே வைக்கிறது. இந்த 'ஹூ' எழுவாயாக இருப்பதால் அதை விட முடியாது. 'த மேன் ஹூம் ஐ மெட்' என்பதிலோ 'ஹூம்' செயப்படுபொருள் என்பதால் தாராளமாக விட்டுவிடலாம்.