செஷயரும் பரிகாரமும்

அன்புள்ள ஐயா,

ஒன்பதாவது படிக்கும் என் மகள் பள்ளிப் பேச்சுப் போட்டியில், இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை விமானியாக இருந்த லெனார்ட் செஷயரைப் பற்றிப் பேசுகிறாள். ஐந்து நிமிடம். நாகசாகியில் அணுகுண்டு போட்ட பாவத்துக்குப் பரிகாரமாக அவர் மாற்றுத்திறனாளிகளுக்கு இல்லங்கள் தொடங்கினார் என்று முடிக்கலாமா? கலிங்கத்து அசோகரோடு ஒப்பிடச் சொல்கிறார் ஆசிரியை. ஆனால் குண்டு போட்டவரைக் குழந்தைகள் புகழலாமா என்றும் எனக்கு உறுத்துகிறது. அவர் மதுரைக்கு வந்ததுண்டா?

ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

மதுரைக்கு வந்தாரா என்பதை விடுங்கள், வராவிட்டால் பேசமாட்டீர்களா? இந்தியாவில் அவருடைய முதல் இல்லம் பம்பாய் அந்தேரியில். 1959-இல் கல்யாணம் செய்துகொண்டதும் பம்பாயில்தான். அது போதும்.

முதலில், அவர் நாகசாகியில் குண்டு போடவே இல்லை. 1945 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டன் அனுப்பிய பார்வையாளராகப் போனார், அவர் இருந்த விமானம் மற்ற விமானங்களோடு சேராமல் தவறிப்போனதால் வெகுதொலைவிலிருந்துதான் பார்த்தார். அந்தக் குண்டுதான் போரை முடித்தது என்று கடைசிவரை சொல்லிவந்த மனிதர் அவர். நாம் ஒத்துக்கொள்ளலாம், சண்டை போடலாம், ஆனால் அவர் அழாத அழுகையை அவர் கண்ணில் வைக்க உங்களுக்கும் உரிமை இல்லை, டீச்சருக்கும் இல்லை. ஆயுதம் எடுத்த எவனையும் அசோகர் ஆக்காமல் நமக்குத் தூக்கம் வராது போல!

புகழலாமா என்கிறீர்கள். உறுத்துவது நல்லதுதான், உறுத்தட்டும். 25 வயதில் குரூப் கேப்டன் ஆனவர், மறுபடி பறப்பதற்காக ஒரு படி பதவி இறங்கி 1943-இல் குண்டுவீச்சு விமானங்களின் 617-ஆவது படைப்பிரிவுக்குப் போனார். 1944 பிப்ரவரியில் பிரான்ஸில் லிமோஜ் ஊர் விமான எஞ்சின் ஆலையைத் தாக்கும்முன், இரவு ஷிப்டில் இருந்த பெண்கள் வெளியே ஓடட்டும் என்று கூரையை உரசுவதுபோல மூன்று தடவை தாழப் பறந்து எச்சரித்தார். அதே ஆள் ஜெர்மன் நகரங்கள்மீதும் குண்டு போட்டவர்தான். 100 தாக்குதல்கள். அவருக்குக் கிடைத்த விக்டோரியா கிராஸ், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருது, ஒரு நாள் சாகசத்துக்கு அல்ல, நான்கு வருடம் ஓயாமல் போனதற்கு. இரண்டையும் மகள் சொல்லட்டும்.

இனி பரிகாரத்துக்கு வருகிறேன், எனக்குக் கோபம் வரும் இடம் அது. என் பெரியப்பா செல்லூர் வீட்டில் வாதம் வந்து வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிடையரான பக்கத்து வீட்டு அக்காதான் பெரியம்மாவுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடணும், முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்கணும், விரிப்பில் ஒரு மடிப்பு இருக்கக்கூடாது, மடிப்பு இருந்தால் அங்கேதான் புண் தொடங்கும். ராத்திரியிலும் அலாரம் வைத்துத் திருப்பினார் பெரியம்மா. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த சொந்தக்காரர்கள் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "அந்தக் காலத்துல புருசனோட அவ்வளவு சண்டை போட்டாள்ல, இப்ப பரிகாரம் பண்றா" என்றார்கள். அவருக்குக் கேட்கும்படியாகத்தான். ஒருத்தர் இன்னொருத்தரின் மலத்தை அள்ளினால் பின்னால் ஒரு பாவம் இருந்தே ஆகவேண்டும் நமக்கு! சும்மா, செய்யவேண்டியிருந்தது, செய்தார் என்றால் ஏன் நம்பமாட்டேன் என்கிறோம்?

செஷயர் கதையும் இதுதான். போருக்குப் பின் முன்னாள் படைவீரர்கள் கூடி வாழ ஒரு குடியிருப்பு தொடங்கினார், அது படுத்துவிட்டது, கடனும் லெ கோர்ட் என்ற பெரிய காலி வீடும்தான் மிச்சம். 1948-இல் அங்கே முன்பு இருந்த ஆர்தர் டைக்ஸ் என்பவருக்குப் புற்றுநோய், ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றார்கள், போக இடமில்லை. செஷயர் கூட்டிக்கொண்டு வந்து, சாகும்வரை தன் கையாலேயே பார்த்துக்கொண்டார். டைக்ஸ் இருக்கும்போதே இன்னொரு நோயாளி வந்தார், அப்புறம் இன்னும் சிலர். இதில் நாகசாகி எங்கே வருகிறது, சொல்லுங்கள்!

ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடத்தை டைக்ஸுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அசோகரை எடுத்துவிட்டதற்காக டீச்சர் கோபித்துக்கொண்டால் என்னைக் கைகாட்டுங்கள். பிள்ளை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், நீங்கள் திருத்தாமல்.