திங்கள்கிழமை மட்டும் ஆஃப்லைன் ஆகும் பிரிண்டர்

திங்கள்கிழமை மட்டும் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ ஆகிறது, கையால் ஐபி (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்) போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பிரிண்டரில் கையால் ஐபி போட வேண்டாம். ரௌட்டரின் டிஹெச்சிபி (சாதனங்களுக்கு ஐபியைத் தானாக வழங்கும் வசதி) பக்கத்தில் அதன் மேக் முகவரிக்கு, அதாவது நெட்வொர்க் வன்பொருளின் அடையாள எண்ணுக்கு, ஒரு ஐபியை ரிசர்வ் செய்துவிடுங்கள். விடுமுறை முடிந்து வந்தால் மட்டும் ‘ஆஃப்லைன்’ காட்டுகிறது என்கிறீர்களே, அநேகமாக லீஸ் (ஒரு ஐபியை வைத்திருக்க ரௌட்டர் தரும் கால அளவு) காலாவதிதான். பிரிண்டர் அணைந்திருந்தபோது பழைய ஐபி வேறொரு கணினிக்குப் போயிருக்கும்.

சந்தேகமாக இருந்தால் பிரிண்டரிலேயே நெட்வொர்க் அறிக்கையை அச்சிட்டுப் பாருங்கள். அதிலுள்ள ஐபியும் விண்டோஸில் பிரிண்டர் போர்ட்டில் (பிரிண்டரை எந்த முகவரியில் தேடுவது என்ற அமைப்பு) உள்ள ஐபியும் வேறு வேறு என்றால் காரணம் இதுதான். ரிசர்வ் செய்தபின் பிரிண்டரை ஒருமுறை அணைத்து மீண்டும் போடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கணினியிலும் போர்ட்டை அந்த ஐபிக்கு மாற்ற வேண்டும், சலிப்பான வேலைதான்.

ஒன்றில் மட்டும் கவனம்: கேபிளுக்கு ஒரு மேக் முகவரி, வைஃபைக்கு வேறொன்று. எதில் இணைத்திருக்கிறீர்களோ அதைப் பதியுங்கள். இதைக் கவனிக்காமல் நான் ஒரு மதியத்தையே தொலைத்திருக்கிறேன்.