வாசகர் கேள்வி – பதில்: செனட் கதவைத் தாண்டுவது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் நீதிபதி நியமனத்துக்குச் செனட்டில் 60 ஓட்டு வேண்டும் என்கிறார்கள் சிலர், 51 போதும் என்கிறார்கள் சிலர். எது சரி?

பதில்: அதிபர் முன்மொழிபவரைச் செனட் (100 பேர் கொண்ட நாடாளுமன்ற மேலவை) ஏற்க, ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல் கிடைத்தால் போதும். 60 என்பது விவாதத்தை முடித்துவைக்கத் தேவைப்பட்ட எண்ணிக்கை. பேசிப் பேசியே இழுத்தடிக்க எதிர்த்தரப்புக்கு அது வசதியாக இருந்தது. 2013 நவம்பரில் ஜனநாயகக் கட்சியினர், சுப்ரீம் கோர்ட் தவிர மற்ற நியமனங்களுக்கு அதைச் சாதாரணப் பெரும்பான்மையாகக் குறைத்தார்கள். 2017 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டுக்கு முன்மொழியப்பட்ட நீல் கோர்சச்சுக்காகக் குடியரசுக் கட்சியினர் சுப்ரீம் கோர்ட்டையும் அதில் சேர்த்தார்கள். இரண்டு தரப்பும் தங்கள் கை ஓங்கியிருந்தபோது செய்த வேலைதான். சட்ட மசோதாக்களுக்கு அந்த 60 இன்னும் நீடிப்பதால்தான் இந்தக் குழப்பம்.

ஓட்டுக் கணக்கு எவ்வளவு நெருக்கமாகப் போகும் என்பதற்கு 2018 அக்டோபரைப் பாருங்கள். சுப்ரீம் கோர்ட்டுக்கு முன்மொழியப்பட்ட கவனா 50–48 என்று தேறினார். ஆதரவாளரான செனட்டர் ஸ்டீவ் டெய்ன்ஸ் அன்று மகள் கல்யாணத்தில் இருந்தார். அவர் இல்லாதது ஓட்டு வித்தியாசத்தை மாற்ற வேண்டாமென்று, கவனாவை எதிர்த்த லிசா முர்கோவ்ஸ்கி எதிர் ஓட்டுப் போடாமல் வருகையை மட்டும் பதிவு செய்தார். சரிசமமாக வந்தால் துணை அதிபர் ஓட்டுப் போடலாம். 2017 பிப்ரவரியில் பெட்ஸி டெவோஸ் அப்படித்தான் 51–50 என்று கல்வி அமைச்சரானார்.

கேள்வி: ஓட்டெடுப்புக்கே விடாமல் ஒருவரைத் தடுக்க முடியுமா?

பதில்: தாராளமாக. அவையில் நேரடியாகத் தோற்பது அபூர்வம் (1987இல் சுப்ரீம் கோர்ட்டுக்கு முன்மொழியப்பட்ட போர்க், 42–58). கிடப்பில் கிடந்தே காலாவதியாகும் பெயர்கள்தான் அதிகம். வழிகள் பல. மாவட்ட நீதிபதி என்றால், அந்த மாநிலத்தின் இரு செனட்டர்களும், கருத்துக் கேட்டு அனுப்பப்படும் ‘நீலச் சீட்டை’ச் சம்மதத்துடன் திருப்பி அனுப்ப வேண்டும், வராவிட்டால் செனட்டின் நீதித்துறைக் குழு பொதுவாக அந்தப் பெயர் மீது விசாரணை வைக்காது. இது சட்டமல்ல, குழுவின் வழக்கம். அதனால்தான் மேல்முறையீட்டு நீதிபதிகளுக்கு அதைச் சில ஆண்டுகளுக்கு முன் எளிதாகக் கைவிட முடிந்தது. தவிர, செனட் ஆண்டுக் கூட்டத்தொடரை முடிக்கும்போதோ 30 நாளுக்கு மேல் ஒத்திவைக்கும்போதோ, முடிவாகாத பெயர்கள் அதிபருக்கே திரும்பிவிடும். அனைவரும் ஒப்பினால்தான் விலக்கு. அதிபர் புதிதாக அனுப்ப வேண்டியதுதான்.

2016 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டுக்கு விசாரணைகூட நடக்கவில்லை. 2017 ஜனவரி 3இல் பழைய செனட் முடிந்ததும் பெயரும் காலாவதி. 2017 ஏப்ரலில் கோர்சச் வரும்வரை, ஒன்பது பேர் இருக்க வேண்டிய சுப்ரீம் கோர்ட்டில் எட்டுப் பேர்தான். 4–4 என்று பிரிந்தால் கீழ்க்கோர்ட் தீர்ப்பு அப்படியே நிற்கும். ஒபாமாவின் குடியேற்றத் திட்டம் அந்த ஆண்டு அப்படித்தான் முடங்கியது.

கேள்வி: செனட் விடுமுறையில் இருக்கும்போது அதிபரே நியமித்துக்கொள்ளலாமே?

பதில்: அரசியல் சட்டம் இடம் தருகிறது, பதவி தற்காலிகம்தான். ஆனால் பத்து நாளுக்குக் குறைந்த இடைவேளை பொதுவாகப் போதாது என்று 2014இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதனால் செனட் மூன்று நாளுக்கு ஒருமுறை பெயருக்குக் கூடிக் கலைகிறது. நிர்வாகப் பதவிகளுக்குப் பொறுப்பு அதிகாரி உண்டு, வழக்கமாக 210 நாள் வரம்பு. நீதிபதிக்கு அந்தச் சலுகை கிடையாது.

கேள்வி: எல்லோரும் ஏற்கிற பெயர் என்றால் உடனே முடிந்துவிடுமா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்ரீ ஸ்ரீநிவாசன், வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 2012 ஜூனில் முன்மொழியப்பட்டார். ஓட்டெடுப்பு 2013 மேயில்தான் நடந்தது. முடிவு 97–0.