சுரை விதை கலந்துவிட்டது, இனி யாருக்கும் விதை கொடுக்கக் கூடாதா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் இருக்கிறோம். எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) காலத்துக் குடச்சுரை விதையை ஆறு வருடமாக நானே எடுத்துவைத்து விதைக்கிறேன். வீட்டுத் தோட்டம் போடும் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி விதை மாற்றிக்கொள்வோம். போன ஆடிப்பட்டத்தில் எடுத்த விதையைப் பதினொரு பேருக்குக் கொடுத்தேன். இந்த வருடம் எனக்கே குடம் குடமாக வரவில்லை. பாதி நீளமாக, பாதி கோணலாக வருகிறது. அன்னூரில் ஒருவருக்குக் காய் கசந்ததாம். பக்கத்துத் தோட்டத்தில் போன வருடம் கடை விதை வாங்கி நீளச் சுரை போட்டிருந்தார்கள். ‘லைசென்ஸ் இல்லாமல் விதை கொடுத்தால் கேஸ் ஆகும்’ என்று வேறு ஒருவர் சொல்லிவிட்டார். கொடுப்பதையே நிறுத்திவிடலாமா ஐயா?

பதில்: அம்மணி, முதலில் போனை எடுங்கள். அந்தப் பதினொரு பேருக்கும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: காயை அரிந்ததும் நுனியில் ஒரு துளி நாக்கில் வைத்துத் துப்பிப் பார்க்க வேண்டும், கசந்தால் அந்தக் காய் வேண்டாம், அந்தக் கொடியே வேண்டாம். மற்றதை அப்புறம் பேசலாம்.

உருவம் மாறிய காயைப் பொரியல் செய்து சாப்பிடுங்கள், ஒன்றும் ஆகாது. கசப்பு மட்டும் வேறு விஷயம். சுரையின் கசப்பு பாகற்காய்க் கசப்பு போன்றது அல்ல. குக்குர்பிட்டாசின் என்ற நச்சால் வருவது. வேகவைத்தாலும் போகாது, உப்புப் போட்டுப் பிழிந்தாலும் போகாது. ‘உடம்புக்கு நல்லது’ என்று கசப்பான சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிரை விட்டவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். குடித்த கொஞ்ச நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, சில பேருக்கு ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குவது என்று போகும். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வெயிலில் தண்ணீர் இல்லாமல் வாடியதால் கசந்தது என்று யாராவது சமாதானம் சொல்வார்கள். வாடினாலும் கசக்கலாம், அழகுக்கு வளர்க்கும் குடுவைச் சுரையின் மகரந்தம் கலந்தாலும் கசக்கலாம். எதனால் என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒரு காய் கசந்தாலும் கொடியைப் பிடுங்கிப் போடுங்கள், அதில் ஒரு விதைகூட எடுக்க வேண்டாம். மாட்டுக்கும் போட வேண்டாம்.

சரி, விதை எப்படிக் கலந்தது? சுரையில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பூச்சிகள்தான். அவற்றுக்கு உங்கள் பந்தல், அடுத்தவர் பந்தல் என்ற கணக்கு இல்லை. சான்று விதை, அதாவது தரம் பார்த்துச் சான்று கொடுத்த விதை, எடுக்கும் சுரை வயலுக்கும் வேறு ரகச் சுரைக்கும் நடுவில் 500 மீட்டர், அந்தச் சான்று விதைக்கே மூலமான ஆதார விதை என்றால் 1000 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நீளச் சுரை இருந்தால் கலக்காமல் என்ன செய்யும்? கலந்த வருடம் காயைப் பார்த்து எதுவும் தெரியாது. காய் தாய்க்கொடியின் உருவத்திலேயே இருக்கும். கலப்பு உள்ளே விதைக்குள் போய்விடும். அதனால்தான் போன வருடம் நல்ல குடமாகப் பார்த்து எடுத்தும் இந்த வருடம் ஏமாந்தீர்கள். அதுவும் கடை விதை ஹைபிரிட்டாக இருந்தால் அடுத்த தலைமுறையில் ஒன்றுபோல் ஒன்று வராது. இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. தக்காளி, அவரை, தட்டைப்பயறு எல்லாம் பெரும்பாலும் தன் பூவிலேயே சேர்ந்துகொள்ளும், அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கேஸ் விஷயம். 2001ஆம் வருடத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்கக்கூட உழவருக்கு உரிமை தருகிறது. தானே பயிர் செய்பவர் அந்தச் சட்டத்தின் கணக்கில் உழவர்தான். பதிவு பெற்ற ரகத்தின் விதையைப் பெயரும் அட்டையும் போட்டு பிராண்டாக விற்கத்தான் கூடாது. அமுச்சி வீட்டுச் சுரையை டம்ளரில் அள்ளிக் கொடுப்பதற்கு யாரிடமும் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. லைசென்ஸ் என்பது 1983ஆம் வருடத்து விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விதை வியாபாரம் செய்கிறவருக்கு.

உங்களுக்கு அதைச் சொன்னவர் விதை பாக்கெட் விற்கிறாரா என்று விசாரியுங்கள். நான் பார்த்தவரையில் இந்தப் பயத்தைக் கிளப்புவது பாதி நேரம் அவர்கள்தான். ‘நாட்டு விதை’ என்ற வார்த்தை இன்றைக்குக் காசாகிவிட்டது. விதைத் திருவிழாவில் வயதான ஆத்தாக்கள் முந்தானையில் முடிந்து கொண்டுவரும் விதையை, ‘காப்பாற்றுகிறோம் ஆத்தா’ என்று சும்மா வாங்கிக்கொண்டு, பத்துப் பத்தாகப் பாக்கெட் போட்டுக் கூரியரில் விற்கிறார்கள். அதிலாவது விதை உண்மையான விதை. இன்னொரு கூட்டம் ஹைபிரிட் விதையை மொத்தமாக வாங்கிப் பிரித்து, நாட்டு விதை என்று சொல்லி விற்கிறது. போன ஆடியில் அப்படி ஒரு பாக்கெட்டை வாங்கி வெள்ளைத் துணியில் கொட்டினேன். ‘பாரம்பரிய நாட்டுச் சுரை’ என்று அச்சடித்திருந்தது. உள்ளே எட்டு விதை. ஈரக் கையால் தொட்டதும் விரலில் ரோஸ் நிறம் ஒட்டியது. அது பூஞ்சணக் கொல்லி மருந்து போட்ட கம்பெனி விதை. கம்பெனி தன் அட்டையோடு விற்றால் அது முறை. அட்டையைக் கிழித்துவிட்டுப் பாட்டி பெயரில் விற்பது மோசடி. குழந்தைகள் வெறும் கையால் தொடவும் கூடாத விதை அது.

விற்பனை விதை அட்டையில் ரகம், லாட் எண் (எந்தக் குவியலில் வந்த விதை என்று காட்டும் எண்), பரிசோதித்த தேதி, முளைப்புத்திறன், விற்பவர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். அந்தப் பாக்கெட்டில் ஒன்றும் இல்லை. எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் புகார் கொடுக்கப் போனேன். ‘பில் எங்கே, லாட் எண் எங்கே?’ என்று கேட்டார்கள். லாட் எண் இல்லை என்பதுதானே புகார்! மூன்று தடவை நடந்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை வைத்திருப்பவரிடம் பதிவேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து ஆயிரம் பாக்கெட் அனுப்புகிறவரை யாரும் கேட்பதில்லை. சும்மா கொடுக்கும் உங்களுக்குத்தான் கேஸ் பயம்.

இனி உங்கள் குடச்சுரைக்கு வருவோம். உங்கள் வீட்டில் விதை கலந்துவிட்டது, ஆனால் ரகம் தொலைந்துவிடவில்லை. ஆறு வருடமாக வைத்திருக்கிறீர்கள் என்றால், பக்கத்தில் நீளச் சுரை வருவதற்கு முன்பே யாருக்காவது கொடுத்திருப்பீர்கள். நாத்தனாரோ, சம்பந்தி வீடோ, பால் ஊற்றுகிறவரோ, யோசித்துப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த சுரை விதை மூன்று நான்கு வருடம் தாங்கும். கொடுத்தீர்களே, அதனால்தான் இன்றைக்குத் திருப்பிக் கேட்க ஓர் இடம் இருக்கிறது. நீங்கள் மட்டும் பாட்டிலில் பூட்டி வைத்திருந்தால் அமுச்சி சுரை போன ஆடியோடு முடிந்திருக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் ராமையா மரபணு வங்கி இருக்கிறது, குளிரில் விதையைக் காக்கிறார்கள், பெரிய வேலை. ஆனால் உங்கள் வீட்டுச் சுரை நாத்தனார் வீட்டுப் பந்தலில்தான் இருக்கும்.

பத்து விதை கிடைத்தால் போதும். ஈரத்துணியில் வைத்துப் பாருங்கள். ஆறு முளைத்தாலே நல்ல விதை, சுரைக்குச் சான்று விதைத் தரமே 60 சதவீதம்தான். நாலைந்து கொடி ஏற்றுங்கள். சுரைப் பூ பொழுது சாயும்போது மலரும். அதனால் மதியமே, அன்றைக்கு மலரப்போகும் ஆண் மொக்குக்கும் பெண் மொக்குக்கும் காகிதப் பை மாட்டிவிடுங்கள். பெண் மொக்கின் அடியில் விரல் நுனி அளவுக்கு ரோமம் படர்ந்த பிஞ்சு இருக்கும், அதுதான் அடையாளம். இருட்டும் நேரத்தில் இரண்டும் மலர்ந்ததும், ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஒரு கொடியின் ஆண் பூ, இன்னொரு கொடியின் பெண் பூ என்று மாற்றிச் செய்தால் இன்னும் நல்லது. மறுபடி பையை மாட்டி, காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். வீட்டில் யாராவது தெரியாமல் கூட்டுக்குப் பறித்துவிடுவார்கள், அதற்குத்தான் நூல்.

அந்தக் காய் ஓடு மரமாகி, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும்வரை கொடியிலேயே இருக்கட்டும். அப்புறம் உடைத்து, நிழலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பலில் புரட்டி, மூடி இறுகும் பாட்டிலில் போட்டு வையுங்கள். மேலே பெயரும் எடுத்த மாதமும் எழுதுங்கள். ‘நூல் கட்டியது’ என்றும் எழுதிவிட்டால், கொடுக்கும்போது வாங்குகிறவருக்கும் விவரம் தெரியும்.

விதை திருப்பிக் கேட்கும்போது, முடிந்தவரை 2 வருடத்துக்கு முன்பு கொடுத்த வீட்டில் முதலில் கேளுங்கள். அவர்கள் பந்தலுக்குப் பக்கத்தில் வேறு சுரை உண்டா என்றும் சேர்த்துக் கேளுங்கள். தைப்பட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.