பாகப் பத்திரத்தில் ‘நாலு கோல் வழி’: எந்தக் கோலால் அளப்பது?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்கள் வீடு. கொல்லம் ஆண்டு 1105-ல் (கி.பி. 1929-30) தாத்தாவும் அவர் தம்பியும் எழுதிய மலையாளப் பாகப் பத்திரத்தில் எங்களுக்கு நாலு கோல் அகல வழி விட்டிருக்கிறது. தம்பியின் பேரன் ‘கோலுக்கு இரண்டடிதான்’ என்று எட்டடி விட்டு மதிலுக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுகிறார். அதே பத்திரத்தில் எங்கள் ஓட்டு வீடு 12 கோல் நீளம் என்று உள்ளது. வீடு இன்னும் நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அப்போது உங்கள் ஊர் இருந்த திருவிதாங்கூரின் வழக்கப்படி வீட்டுக்கு ஆசாரிமார் பிடித்த தச்சுக்கோல் 24 விரல், விரலுக்குச் சுமார் 3 சென்டிமீட்டர். ஆக ஒரு கோல் 72 சென்டிமீட்டர். நாலு கோல் என்றால் 2.88 மீட்டர், அதாவது 9 அடி 5 அங்குலம். உங்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை அடி போகிறது. வண்டி போகிற வழியில் அது சின்ன விஷயமே இல்லை.

ஆனால் இந்தக் கணக்கை மட்டும் வைத்து வழக்கில் ஜெயித்துவிட முடியாது. கோலின் நீளம் ஊருக்கு ஊர், வேலைக்கு வேலை மாறியிருக்கிறது. பத்திரம் எழுதிய அந்த இருவரும் எந்தக் கோலை மனதில் வைத்தார்கள் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். வழக்கொழிந்த சொல், வட்டாரச் சொல் ஆகியவற்றின் பொருளைக் காட்டச் சாட்சியம் கொடுக்கலாம் என்று பாரதிய சாட்சிய சட்டத்தின் 101-ஆம் பிரிவு (பழைய சட்டத்தில் 98) சொல்கிறது.

அந்தச் சாட்சியம் உங்கள் வீடுதான். தச்சுக்கோல் என்றால் வீட்டு நீளம் 8.64 மீட்டர், 28 அடி 4 அங்குலம் இருக்க வேண்டும். அவர் சொல்கிற கணக்கில் 24 அடிதான் வரும். நாலடிக்கு மேல் வித்தியாசம், மழுப்ப முடியாது. பின்னால் சேர்த்த சாய்ப்பை விட்டுவிட்டுப் பழைய அஸ்திவாரத்தை மட்டும் அளக்க வேண்டும். அதனால் வழக்கு முடியும்வரை வீட்டை இடிக்கவோ நீட்டவோ வேண்டாம்.

வானம் தோண்டியாகிவிட்டதால் தாமதிக்காதீர்கள். குழித்துறை முன்சீப் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்டு வழக்குப் போட்டு, கூடவே இடைக்காலத் தடைக்கும், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26 விதி 9-ன்கீழ் வழக்கறிஞர் ஆணையருக்கும் (இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர்) மனு கொடுங்கள். ஆணையர் சர்வேயருடன் வந்து வழியை மட்டுமல்ல, வீட்டையும் அளக்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். பத்திரத்தின் சான்றிட்ட நகலும் தமிழ் மொழிபெயர்ப்பும் தேவைப்படும்.

புலப்படத்தில் (சர்வே எண்ணுக்கான அரசு நில அளவைப் படம்) வழி காட்டப்படவில்லை என்று அவர் சொன்னால் பயப்பட வேண்டாம். பத்திரம் கொடுத்த உரிமை அதனால் மட்டும் போய்விடாது. பழைய படத்தில் வழி இருந்து, அளவு லிங்க்ஸில் (பழைய சர்வே சங்கிலி அளவு) போட்டிருந்தால், 100 லிங்க்ஸ் 66 அடி என்று கணக்கிடுங்கள்.

அவர் உங்கள் சொந்தக்காரர். வழக்குப் போடும் முன் பெரியவர்கள் முன்னிலையில் டேப்பின் ஒரு முனையை அவரையே பிடிக்கச் சொல்லி வீட்டை அளந்து காட்டுங்கள். ஒத்துக்கொண்டால், வழியின் அகலத்தை மீட்டரில், சர்வே எண்ணோடு எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்.