கேள்வி–பதில்: ‘அன்லிமிடெட்’ ஹோஸ்டிங்கை நம்பலாமா?

எங்கள் ஜவுளிக் கடைக்கு வேர்ட்பிரஸ் மென்பொருளில் வெப்சைட் தொடங்குகிறோம். 600 படங்கள் இருக்கும். வெப்சைட்டை வைக்க சர்வர் கணினியில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்று, முதல் ஆண்டுக்கு 999 ரூபாய், எல்லாமே ‘அன்லிமிடெட்’ (வரம்பில்லாதது) என்று சொல்கிறது. வாங்கலாமா?
– வாசகி, ஈரோடு

இரண்டாம் ஆண்டின் விலையை முதலில் கேளுங்கள். 999 சலுகை விலை. புதுப்பிக்கும்போது மூன்று நான்கு மடங்காவது சர்வசாதாரணம். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. மூன்று ஆண்டுச் செலவைக் கூட்டிப் பார்த்தால்தான் மலிவா இல்லையா என்பது தெரியும்.

‘அன்லிமிடெட்’ என்பது பெரும்பாலும் டிஸ்க் இடத்துக்கும் டேட்டாவுக்கும் மட்டும்தான். ஒரே சர்வரைப் பலர் பங்கிடுவதால் ப்ராசஸர், ரேம், ஒரே நேரத்தில் ஓடும் பி.ஹெச்.பி. (பக்கங்களை உருவாக்கும் நிரல்) வேலைகள் ஆகியவற்றுக்கு வரம்பு இருக்கும். கோப்புகளின் எண்ணிக்கைக்கும் (ஐநோட் என்பார்கள்) வரம்பு உண்டு. வேர்ட்பிரஸ் ஒவ்வொரு படத்தையும் பல அளவுகளில் நகலெடுத்து வைப்பதால் 600 படம் சில ஆயிரம் கோப்பாகிவிடும். அதே கணக்கில் மெயிலும் வைத்திருந்தால் ஒவ்வொரு மடலும் ஒரு கோப்பு. தீபாவளிக் கூட்டத்தில் ‘508 ரிசோர்ஸ் லிமிட்’ என்ற பிழைச் செய்தியோடு சைட் நிற்பதற்கு, ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளுக்கான வரம்புதான் பெரும்பாலும் காரணம். எண்கள் விதிமுறைப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். இல்லையென்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் போகவேண்டாம்.

விலையைவிட முக்கியம் பேக்கப். எத்தனை நாள் நகல் வைப்பார்கள், சர்வர் இருக்கும் கட்டடத்துக்கு வெளியே வைப்பார்களா, நாமே மீட்டெடுக்க முடியுமா, அதற்குத் தனிக் கட்டணமா? 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.ஹெச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்தபோது, பேக்கப்பும் அங்கேயே இருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். நிறுவனம் என்ன சொன்னாலும் வாரம் ஒரு நகலை உங்கள் ஹார்டு டிஸ்க்கில் இறக்கிவையுங்கள். இந்தக் கேள்விகளை ஞாயிறு இரவு பத்து மணிக்குக் கேட்டுப்பாருங்கள். சப்போர்ட்டின் லட்சணமும் தெரிந்துவிடும்.

99.9 சதவீத அப்டைம் (சைட் நிற்காமல் ஓடும் நேரம்) உத்தரவாதம் போதுமா?
– வாசகர், நாகர்கோவில்

30 நாள் மாதத்தில் 43 நிமிடம் நிற்கலாம் என்று அர்த்தம். கடை சைட்டுக்குப் போதும். ஆனால் முன்னறிவித்த பராமரிப்பு நேரம் பொதுவாக இந்தக் கணக்கில் வராது. மீறினாலும் கிடைப்பது அடுத்த பில்லில் சிறு கழிவுதான், வியாபார நஷ்டம் இல்லை. உத்தரவாதத்தை நம்பாமல், சைட் ஓடுகிறதா என்று பார்க்கும் சேவை ஒன்றை வைத்து 5 நிமிடத்துக்கு ஒருமுறை கண்காணியுங்கள். பணம் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் நிலவரம் புரிந்துவிடும்.

சைட் அடிக்கடி படுத்துவிடுகிறது. வேறு ஹோஸ்டிங்குக்கு மாறினால் மெயில் நின்றுவிடுமா?
– வாசகர், திருச்சி

கவனிக்காவிட்டால் நிற்கும். நேம்சர்வரை (சைட்டின் பெயர் எந்த சர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்லும் இடத்தை) மாற்றியவுடன் பழைய இடத்திலிருந்த எம்.எக்ஸ். ரெக்கார்டுகள் (மெயிலை எந்த சர்வருக்கு அனுப்புவது என்ற குறிப்புகள்) செல்லாமல் போவதே காரணம். மெயில் வேறு சேவையில் ஓடினால் அந்த ரெக்கார்டுகளையும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். ரெக்கார்டுகளையும் (மடல் உங்களுடையதுதான் என்று உறுதிசெய்பவை) முன்கூட்டியே புதிய இடத்தில் எழுதிவையுங்கள். ஹோஸ்டிங்கோடு சேர்ந்த மெயிலானால் புதிய இடத்தில் அதே பெயர்களில் பெட்டிகளைத் திறந்து, பழைய மடல்களை ஐமேப் (சர்வரில் உள்ள மடல்களை அணுகும் முறை) வழியாக நகலெடுக்க வேண்டும்.

டொமைன் (சைட்டின் பெயர்) கணக்கின் லாகின் உங்கள் கையில் இருக்கிறதா, பதிவில் உங்கள் மெயில் முகவரிதான் உள்ளதா என்பதை எல்லாவற்றுக்கும் முன்பே பாருங்கள். சைட் செய்து கொடுத்தவர் தம் பெயரில் பதிந்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் எதையும் தொடவேண்டாம். அந்தக் கணக்கு கைக்கு வந்துவிட்டால் டொமைனைப் பழைய நிறுவனத்திலேயே விட்டுவிட்டு ஹோஸ்டிங்கை மட்டும் மாற்றலாம்.

கோப்புகளையும் டேட்டாபேஸையும் ஏற்றியபின், உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (எந்தப் பெயருக்கு எந்த சர்வர் என்று அந்தக் கணினிக்கு மட்டும் சொல்வது) புதிய ஐ.பி.யை (சர்வரின் எண் முகவரியை) எழுதி, ஆர்டர் படிவம் வரை சோதியுங்கள். பிறகு நேம்சர்வரை மாற்றலாம். டாட் காம் பெயர்களுக்குப் பழைய தகவல் 48 மணி நேரம் வரை சில இடங்களில் தங்கும். ஹோஸ்டிங்கோடு சேர்ந்த மெயிலானால் அதுவரை மடல்கள் இரு பக்கமும் விழும். பழைய கணக்கை இரண்டு வாரம் ரத்து செய்யாமல் வைத்திருந்து, அங்கே விழுந்த மடல்களை எடுத்துக்கொண்டு மூடுங்கள்.